ஒரே அரங்கு, மூன்று சுருதி

ஐரோப்பாவின் இடைக்காலம் தொட்டு பரோக் (சுமார் 1600 முதல் 1750) வரை நீளும் ஏர்லி மியூசிக், அதற்குப் பின்வந்த கிளாசிக்கல், பல தேசத்து நாட்டார் இசை. இந்த மூன்றையும் கலந்து ஒரு சிறு குழு தன் முயற்சியில் ஆறேழு கச்சேரி கொண்ட சீசன் நடத்தும்போது, அழைப்பிதழில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்: தேதி, பெயர், படம், நேரம். அரங்குக்குள் போனால் கதையே வேறு. லூட் என்ற மெல்லொலித் தந்திக்கருவி வாசிக்கும் நாளில் ஏசி மூச்சுவிடக் கூடாது. நாட்டார் நடன இசை நாளில் அதே சுவர்களின் முழக்கத்தை எப்படியாவது அடக்கியாக வேண்டும். பியானோ நாளில் வேறு கவலை. ஒரே 150 நாற்காலி அரங்கு மூன்று வெவ்வேறு அரங்குகளாக மாறவேண்டும். கலைஞர் தேர்வில் சொதப்புகிற குழுக்கள் குறைவு. இந்த மாற்றத்தில் சொதப்புகிறவைதான் அதிகம்.

அதனால் ஒப்பந்தம் போடுவதற்கு முன் கலைஞரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி வாழ்க்கைக் குறிப்பு பற்றியது அல்ல. "எத்தனை ஹெர்ட்ஸ்?" என்பதே.

இன்று உலகமெங்கும் 'ஏ' சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 440 அதிர்வு) என்பது 1939-இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டு, பிறகு ஐஎஸ்ஓ 16 என்ற தரக்குறிப்பாக ஆனது. அதற்கு முன் ஊருக்கு ஒரு சுருதி, தேவாலயத்து ஆர்கனுக்கு ஒன்று, அரண்மனைக்கு ஒன்று. அந்தப் பழைய சுருதிகளைச் சுருக்கி இன்றைய கலைஞர்கள் சில எண்களில் நின்றுவிட்டார்கள். பரோக்குக்கு 415, பிரெஞ்சு பரோக்குக்கு 392, மோட்சார்ட் காலத்துக்கு 430, கார்னெட், சாக்பட் என்ற பழைய ஊதுகருவிகள் வருகிற 17-ஆம் நூற்றாண்டு இசைக்கு 465 அல்லது 466. இதில் 415 என்பது 440-க்குச் சரியாக ஒரு அரைச்சுரம் கீழே. நம் பேச்சில் அரைக் கட்டை. 392 ஒரு முழுச்சுரம் கீழே, 466 ஒரு அரைச்சுரம் மேலே. வரலாறு இவ்வளவு ஒழுங்காக அரைச்சுரம் அரைச்சுரமாக நடந்திருக்காது. இது நம் காலத்து வசதி.

இந்த எண்ணைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு உதாரணம். சீசனின் கடைசி நாளில் பரோக் குழுவையும் அயர்லாந்து இசைக்குழுவையும் சேர்த்து ஒரு உருப்படி வாசிக்க வைக்கலாம் என்று யாருக்காவது தோன்றும். தாளில் அழகான யோசனை. பரோக் குழு 415-இல் இருக்கும். மறுபக்கம் டின் விசில் என்ற சிறு உலோகக் குழல், 440-க்குச் செய்யப்பட்ட டி விசில். துளையிட்ட குழாய் அரைச்சுரம் இறங்காது. விசிலின் டி-யோடு சேர வேண்டுமானால் பரோக் வயலின்காரர் ஈ-ஃபிளாட்டில் வாசிக்க வேண்டும். நடன மெட்டுகளுக்கு உயிரே டி, ஏ என்ற திறந்த தந்திகளின் ரீங்காரம். ஈ-ஃபிளாட்டில் அந்தத் தந்திகள் இரண்டும் கைவிட்டுப் போகும். வாசிக்கலாம், ஆனால் மெட்டு செத்துவிடும். தந்திகளை 440-க்கு ஏற்றிவிடலாமே என்றால், குடல் தந்தி அந்த இழுப்பில் அன்று மாலை முழுக்க நிலைகொள்ளாது. மேல் 'ஈ' அறுந்தாலும் ஆச்சரியமில்லை. இதற்கு ஒரே வழி ஆறு மாதம் முன்பே தீர்த்துக்கொள்வது: பரோக் குழு அந்த ஒரு உருப்படிக்கு வேறு வயலின் கொண்டுவருகிறதா, அல்லது விசில்காரரிடம் அரைச்சுரம் தாழ்ந்த சி-ஷார்ப் விசில் இருக்கிறதா?

பியானோவுக்கு முந்தைய, தந்தியைச் சுண்டி ஒலிக்கும் கட்டைக்கருவியான ஹார்ப்சிகார்டில் இதற்கு ஒரு தந்திரம் உண்டு. பல கருவிகளில் கட்டைவரிசை முழுவதையும் ஒரு தந்தி அகலம் பக்கவாட்டில் நகர்த்தலாம். நகர்த்தினால் 440, 415 ஆகிவிடும். உடனே வாசிக்கலாம் என்று நினைப்பவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள். அந்தக் கருவி சமமாகப் பகுக்காத சுருதி முறையில் சேர்க்கப்பட்டிருந்தால், நகர்த்தியதும் நல்ல சுரங்கள் எல்லாம் தப்பான இடத்துக்குப் போய்விடும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இன்றைய பியானோவில் எண்மம் (ஆக்டேவ்) 12 சம அரைச்சுரங்களாகப் பிரிகிறது. அரைச்சுரத்துக்கு 100 சென்ட். பெரிய மூன்றாம் இடைவெளி (சி-யிலிருந்து ஈ போல) அதில் 400 சென்ட். காதுக்கு இயற்கையாக இனிக்கிற அளவு 386. அந்த 14 சென்ட் வித்தியாசம் பொறுக்காத காலத்து இசைக்காகக் கால்-கமா மீன்டோன் என்ற முறை இருந்தது. மூன்றாம் இடைவெளிகள் எட்டு அதில் சுத்தமாக இருக்கும். அதற்கு விலையாக ஐந்தாம் இடைவெளி ஒன்று (ஜி-ஷார்ப்பிலிருந்து ஈ-ஃபிளாட்) 737 சென்ட் வரை வீங்கி ஊளையிடும். அதற்கு 'ஓநாய்' என்றே பெயர். சி-யை மையமாக வைத்துச் சேர்த்த கருவியின் கட்டைவரிசையை ஒரு தந்தி நகர்த்தினால், சி கட்டை இப்போது பழைய பி தந்தியை மீட்டும். அந்த பி-யிலிருந்து மேலே மூன்றாவது சுரம் சுத்தமான மூன்றாம் இடைவெளி அல்ல, 427 சென்ட். மிக எளிய சி மேஜரே பல்லைக் கூசவைக்கும். ஆக, நகர்த்தினால் மறுபடி முழுக்கச் சுருதி சேர்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 18-ஆம் நூற்றாண்டு உருப்படிகள் பல ஆதார சுரங்களில் கலந்து வந்தால் மீன்டோனை விட்டுவிட்டு வல்லோட்டி போன்ற நடுவாந்தர முறைக்குப் போவது பாதுகாப்பு. எது என்பதைக் கலைஞர் சொல்ல வேண்டும், அமைப்பாளர் எழுத்தில் வாங்கிச் சுருதி சேர்ப்பவருக்கு அனுப்ப வேண்டும்.

சுருதி முடிவானாலும் அதை நிற்கவைப்பது காற்றின் கையில் இருக்கிறது. ஏர்லி மியூசிக் மாலைகள் கெட்டுப்போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

வெப்பம் ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் கூடும். அதனால் குழல், ரெக்கார்டர் என்ற மரக்குழல், ஆர்கன் எல்லாம் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட் மேலே போகும். அதே வெப்பத்தில் உலோகத் தந்தி நீண்டு, இழுவை தளர்ந்து, ஹார்ப்சிகார்ட் கீழே இறங்கும். ஒன்று ஏற, இன்னொன்று இறங்க, நடுவில் பாடகர் மாட்டிக்கொள்வார். மாலை 4 மணி ஒத்திகையில் அரங்கு 18 டிகிரி, இரவு 8 மணிக்கு 24 டிகிரி என்று வைத்துக்கொண்டால் பெட்டி ஆர்கன் மட்டுமே 18 சென்ட் உயர்ந்திருக்கும். அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பயிற்சியில்லாத காதுக்கும் 'ஏதோ சரியில்லை' என்று தெரிகிற அளவு.

வெப்பம் எங்கிருந்து வருகிறது? சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். 150 பேர் என்றால் 15 கிலோவாட், அதாவது பதினைந்து ஹீட்டரை மூடிய அறையில் போட்டுவிட்ட மாதிரி. கூடவே மூச்சிலும் வியர்வையிலும் ஆளுக்கு மணிக்குச் சுமார் 40 கிராம் ஈரம். மொத்தம் 6 லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் காற்றில் கலக்கிறது. ஈரப்பதம் ஏறினால் ஹார்ப்சிகார்டின் ஒலிப்பலகை உப்பி, தந்தியை இழுத்து, சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட முதல் வாரம் மிக மோசம். காற்று காய்ந்து மரம் சுருங்கும், கருவியில் வெடிப்பே விழலாம். சீசன் தேதிகளைக் குறிக்கும்போது ஹார்ப்சிகார்ட் கச்சேரியை அந்த வாரத்தில் போடாதீர்கள்.

செய்யக்கூடியவை இவ்வளவுதான். அரங்கில் ஒரு வெப்ப-ஈரமானி நிரந்தரமாக இருக்கட்டும். 20, 21 டிகிரி, ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்பது நல்ல இலக்கு. இலக்கைத் தொடுவதைவிட அசையாமல் இருப்பது முக்கியம். 60 சதவீதத்தில் நாள் முழுக்க நின்றால் பரவாயில்லை. காலை 40, இரவு 60 என்றால் தலைவலி. கச்சேரி வெப்பத்துக்கு அரங்கைக் கொண்டுவந்துவிட்டு ஒத்திகை தொடங்குங்கள். மேடை விளக்கைப் போட்டபடியே சுருதி சேருங்கள். பழைய ஹாலஜன் விளக்கின் கீழ் சேர்க்காமல், பிறகு அதை எரியவிட்டால் சேர்த்தது வீண். எல்இடிக்கு மாறிய அரங்குகளில் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்திருக்கிறது.

சேர்ப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. ஆர்கன் இருந்தால் அதுதான் தலைமை, ஏனென்றால் அன்று அதை மாற்ற நேரமிருக்காது. ஹார்ப்சிகார்ட் ஆர்கனுக்குச் சேரும், வில் வாத்தியங்கள் இவற்றுக்கு, கடைசியில் குழல்கள். ரெக்கார்டர்காரர் தலைப்பகுதியைச் சில மில்லிமீட்டர் வெளியே இழுத்துச் சுருதியை இறக்கலாம். முழுக்க உள்ளே தள்ளியிருக்கும் குழலை அதற்கு மேல் ஏற்ற வழியில்லை. அதனால் கொஞ்சம் இடம் விட்டுச் சேர்ப்பவரே அனுபவசாலி.

ஹார்ப்சிகார்ட் வரும் நாள் எப்படிப் போக வேண்டும் என்று ஒரு கணக்கு. இரவு 7.30 கச்சேரி என்றால் கருவி காலை 10 மணிக்குள் அரங்குக்குள் இருக்க வேண்டும். இரட்டைக் கட்டைவரிசைக் கருவி இரண்டேகால், இரண்டரை மீட்டர் நீளம். கால்களைக் கழற்றி, நேரான நீளப்பக்கம் கீழே வரும்படி நிமிர்த்தித் தூக்குவார்கள். எடை பயமுறுத்தாது, திருப்பங்கள்தான் பயமுறுத்தும். படிக்கட்டின் வளைவை முன்பே அளந்து வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கருவி சும்மா நிற்கட்டும், அரங்கின் காற்றுக்குப் பழகட்டும். ஏசி வாய்க்கு நேராகவோ வெயில் விழும் சன்னலுக்குப் பக்கத்திலோ வேண்டாம். மதியம் 1 மணிக்கு முதல் சேர்ப்பு, 2 முதல் 5 வரை ஒத்திகை, 6 மணிக்கு மறுசேர்ப்பு, 6.50-க்குக் கதவு திறப்பு. அந்த 6 மணிச் சேர்ப்பை ஒத்திகை நீண்டதால் சுருக்கிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. ஒத்திகையை 5 மணிக்கு நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

பிறகு இடைவேளை. 61 கட்டை, மூன்று தந்தி வரிசை என்றால் 183 தந்தி. இடைவேளையில் எல்லாவற்றையும் தொட முடியாது. சுருதி சேர்ப்பவர் ஒரு வரிசையை மட்டும் ஒலிக்கவிட்டு நடு எண்மத்தைப் பார்ப்பார், பிறகு மேலும் கீழும் எண்மம் எண்மமாக, கடைசியில் மற்ற வரிசைகளில் ஓடிப்போனதை மட்டும். இடது கை கட்டையில், வலது கை சாவியில். சாவியைத் திருப்புவது கண்ணுக்குத் தெரியாத அசைவு. அவர் கேட்பது சுரத்தை அல்ல, இரண்டு தந்திகளுக்கு நடுவில் 'வாவ் வாவ்' என்று அலையும் துடிப்பை. அது மெதுவாகி, மெதுவாகி, நிற்கும் இடம்தான் அவருக்கு வேண்டியது. அந்த நேரத்தில் முன்வரிசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் துடிப்பு காதில் விழாது. ஆகவே காபி மேசையை அரங்குக்கு வெளியே போடுங்கள். கதவருகில் ஒரு தொண்டர் நின்று, 'இன்னும் பத்து நிமிடம், வெளியே பேசலாம்' என்று சிரித்தபடி சொல்லட்டும். இடைவேளை 20 நிமிடம் என்று அச்சிட்டுவிட்டு மனதில் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். உதிரியாக ஒன்றிரண்டு பித்தளை, இரும்புத் தந்திச் சுருளும், தந்தியை மீட்டும் சின்ன நுனிகள் சிலவும் இருக்கிறதா என்று கருவியின் சொந்தக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது.

லூட் இன்னொரு ரகம். பரோக் லூட் 13 வரிசை (பெரும்பாலும் ஜோடித் தந்திகள்), 24 தந்தி. எண்பது வயது லூட் கலைஞர் அறுபது வருடத்தைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று ஜெர்மானிய இசை எழுத்தாளர் மாத்தேசன் 1713-இல் கிண்டலடித்தார். இன்றும் மேடையில் அதேதான். நிகழ்ச்சி வரிசையை ஒரே ஆதார சுரத்தில் அமைந்த உருப்படிகள் பக்கத்துப் பக்கத்தில் வரும்படி கலைஞரோடு பேசி அமைத்தால் இடையிடையே சேர்க்கும் நேரம் பாதியாகும். மிஞ்சுகிற இரண்டு நிமிட அமைதியைப் பற்றி நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் கேட்பவர்கள் நெளிய மாட்டார்கள்.

லூட் நாளில் அரங்கின் சத்தம் எல்லாம் வெளியே வரும். கச்சேரிக்கு ஒரு வாரம் முன், கச்சேரி நேரத்திலேயே, எல்லா விளக்கையும் இயந்திரத்தையும் போட்டுவிட்டு கடைசி வரிசையில் பத்து நிமிடம் தனியாக உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடம் அமைதியாகத்தான் தோன்றும். பிறகு ஒவ்வொன்றாக எழும்: குளிர்பானப் பெட்டி, டியூப்லைட்டின் பழைய சோக், ப்ரொஜெக்டர் விசிறி, விளக்கைக் குறைக்கும் டிம்மர். ஒவ்வொன்றாக அணைத்து எது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் இந்த ரீங்காரம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். 440 கணக்கில் தாழ்ந்த ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். அதாவது ஜி-யில் அமைந்த மெல்லிய இசைக்கு அடியில், அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு தப்பிய ஒரு தம்பூரா ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கும் காரணம் புரியாது, எல்லோருக்கும் அசௌகரியம்.

ஏசியைக் கச்சேரிக்கு முன்பே நன்றாக ஓடவிட்டு, மெல்லிய உருப்படிகளின்போது நிறுத்துங்கள். கதவுக் கீலுக்கு எண்ணெய். தாமதமாக வருபவர்களை உருப்படி முடியும்வரை வெளியே நிறுத்துவது, அதையும் நுழைவுச்சீட்டிலேயே அச்சிடுவது. காதுக்கருவி சரியாகப் பொருந்தாமல் 'கீ' என்று ஊளையிட்டால் போட்டிருப்பவருக்குப் பெரும்பாலும் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்தவர் மெல்லச் சொல்லலாம் என்று தொடக்க அறிவிப்பில் சேர்த்தால் யாரும் புண்படுவதில்லை.

நாட்டார் இசைக்கு அரங்கை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். கை தட்டிப் பார்த்தால் முழக்கம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று ஓரளவு தெரியும். சேம்பர் இசைக்கு (சிறு குழு இசைக்கு) 1.3 முதல் 1.7 வினாடி நல்லது. துணைக்கருவி இல்லாத பழைய கூட்டுப்பாடலுக்கு இரண்டரை வினாடியும் இனிக்கும். பேச்சுக்கு ஒரு வினாடி அல்லது அதற்குக் கீழ். அயர்லாந்து ரீல் என்ற வேக நடன மெட்டு ஒன்றில் வினாடிக்கு ஏழெட்டுச் சுரங்கள் ஓடும். முழக்கம் 2.5 வினாடி என்றால் எந்தக் கணத்திலும் இருபது சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடக்கும். சட்டத்தோல் முரசு ஒன்று சேர்ந்தால் களிதான்.

உடனே கை ஒலிபெருக்கியை நோக்கிப் போகும். அது தப்பு. சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் அதே அளவு கூடும், தெளிவு வராது. தெளிவு தூரத்தில் இருக்கிறது. மேடையை மறந்துவிட்டு அரங்கின் நீளச்சுவர் ஓரம் கலைஞர்களை வைத்து, நாற்காலிகளை அரைவட்டமாக நெருக்கிப் போடுங்கள். கடைசி வரிசை பாதி தூரத்துக்கு வந்துவிடும். காலடியில் கனமான கம்பளம், பின்சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கெட்டித் திரை. மனிதர்களும் ஒலியை உறிஞ்சுவார்கள், அதனால் காலி அரங்கில் மோசமாகக் கேட்டதை வைத்துப் பீதியடைய வேண்டாம். அதன் பிறகும் எட்டாத கருவிக்கு மட்டும் மைக். கித்தார், அரபு நாடுகளின் ஊத், மேற்கு ஆப்பிரிக்காவின் 21 தந்திக் கோரா போன்றவை முரசோடு சேர்ந்தால் மைக் கேட்கும். தனியாக 150 பேருக்குப் பெரும்பாலும் வேண்டாம். பெட்டிகளைச் சின்னதாக, கேட்பவர்களுக்கு அருகில், தாழ்ந்த அளவில் வையுங்கள்.

குழுவின் தொழில்நுட்பத் தேவைப் பட்டியலை ஒப்பந்தத்தோடு படித்துவிடுங்கள், கச்சேரி வாரத்தில் அல்ல. ஆறு மானிட்டர் (கலைஞர் தன் இசையைக் கேட்க மேடையில் வைக்கும் ஒலிபெருக்கி) கேட்டிருப்பார்கள். அது 2,000 பேர் திறந்தவெளிக்கு எழுதிய தாள். 'எங்கள் அரங்கு இவ்வளவு, மானிட்டர் இல்லாமல் அரைவட்டமாக உட்கார்ந்து பார்க்கலாமா' என்று கேட்டால் பாதிக் குழுக்கள் சம்மதிக்கும், பலர் சந்தோஷப்படுவார்கள். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தரும் மிக்சரா என்று பாருங்கள். கேபிள் இரண்டு அதிகமாக வையுங்கள். அறுந்துபோவது எப்போதும் கேபிள்தான்.

பைப் (காற்றுப்பை வைத்த குழல்) வகைகளை மொத்தமாக ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். அயர்லாந்தின் உலியன் பைப் உட்கார்ந்து, துருத்தியைக் கையிடுக்கில் அழுத்தி வாசிப்பது, வீட்டுக்குள் வாசிக்கவே உருவானது. ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பைப் வெளிக்கருவி, சிறு அரங்கில் காதைப் பிளக்கும். அதன் 'ஏ' இன்று பி-ஃபிளாட்டையும் தாண்டி ஒலிப்பதால் பியானோவோடு சேராது. ஜாவாவின் கமேலான் என்ற வெண்கலத் தாளக்கருவித் தொகுதி வந்தால் இன்னொரு உலகம். அதற்குப் பொதுச் சுருதியே இல்லை. ஒவ்வொரு தொகுதியும் தனக்குள் மட்டும் சேர்ந்தது, ஒரு தொகுதியில் குறைந்த கருவியை இன்னொன்றிலிருந்து இரவல் வாங்க முடியாது. வாசிப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காருவார்கள், கருவியைத் தாண்டிக் காலெடுத்து வைக்கக் கூடாது. மேடை ஒழுங்கு செய்யும் தொண்டர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், நடுவில் ஒரு நடைபாதையும் விடுங்கள்.

எல்லை கடந்து வரும் கருவிகளுக்குக் காகிதம் வேண்டும். சீனத்து இருதந்தி வில்கருவியான எர்ஹூவின் மலைப்பாம்புத் தோல், பழைய வில்லின் தந்தம், பிரேசில் ரோஸ்வுட் எல்லாம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்பாட்டின் கீழ் வருபவை. 2017-இல் ரோஸ்வுட் இனம் முழுவதும் பட்டியலில் ஏறியபோது இசை உலகமே திணறியது. 2019 நவம்பரிலிருந்து முழுமையாக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது, ஆனால் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இல்லை. செல்லோவுக்கு விமானத்தில் தனி இருக்கை எடுப்பார்கள். இரண்டு மீட்டரை நெருங்கும் தியோர்போ என்ற நெடுங்கழுத்து லூட்டுக்கு அதுவும் உதவாது. பயணச் செலவைப் பேசும்போது கருவியின் நீளத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

பியானோவைப் பற்றிச் சுருக்கமாக. 440-ஆ 442-ஆ என்று வருட ஆரம்பத்தில் முடிவு செய்து மாற்றாமல் இருங்கள். 220-க்கு மேற்பட்ட தந்திகளின் இழுவையை ஒரே நாளில் ஏற்றினால் சட்டகமும் பலகையும் புது பாரத்துக்கு அமர நாளாகும். கச்சேரியின் நடுவிலேயே நழுவும். பியானோவை இடம் நகர்த்தியிருந்தால் சில நாள் விட்டுச் சேருங்கள். கச்சேரி நாளில் காலையில் ஒரு முறை, ஒத்திகைக்குப் பின் ஒரு முறை.

நாற்காலி சின்ன விஷயம் மாதிரி தெரியும். செல்லோ போன்ற பழைய வில்கருவியான வயோலா ட காம்பாவைக் கெண்டைக்கால்களுக்கு நடுவில் பிடித்து வாசிக்கிறார்கள், தரையில் ஊன்றும் முள் கிடையாது. கைப்பிடி உள்ள நாற்காலியும் பின்பக்கம் சரிந்த இருக்கையும் உதவாது. கைப்பிடி இல்லாத, சமதளமான, 45 செ.மீ. அளவு உயரம் கொண்டவை ஐந்தாறு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய செல்லோவுக்கு முள் உண்டு, அது தரையைத் துளைக்காமலும் வழுக்காமலும் இருக்க ஒரு பலகைத்துண்டு. நோட்டு ஸ்டாண்டு தேவையைவிட இரண்டு கூடுதல். லூட்காரருக்குக் கால்மனை.

நிகழ்ச்சி அமைப்பில் ஒரு கருத்து, ஏற்காதவர்கள் இருக்கலாம். 'உலக இசை மாலை' என்று ஐந்து நாட்டை ஒரே இரவில் அடுக்குவது கண்காட்சி. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம், அதில் பாதி மைக் மாற்றம். ஒரு மரபுக்கு ஒரு முழு மாலையைக் கொடுங்கள். மூன்று வகை ரசிகர்களையும் ஒருவர் கச்சேரிக்கு இன்னொருவரை வரவைக்க வேண்டுமானால் பாலம் இசைக்குள்ளேயே இருக்கிறது. ஐபீரிய (ஸ்பெயின், போர்ச்சுகல்) மண்ணின் ஃபோலியா மெட்டை இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லி 1700-இல் அச்சான தன் ஐந்தாம் தொகுப்பின் கடைசி சொனாட்டாவாக விரித்தார். பதிப்பாளர் பிளேஃபோர்ட் 1651-இல் லண்டனில் அச்சிட்ட நடன மெட்டுகளை ஏர்லி மியூசிக்காரரும் நாட்டார் வயலின்காரரும் தங்களுடையது என்றே நினைக்கிறார்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் 1931-இல் முடித்த 44 இரட்டை வயலின் உருப்படிகளில் பெரும்பாலானவை நாட்டார் மெட்டுகள். முதல் சில மாணவர்களே வாசிக்கக்கூடியவை. உள்ளூர் மாணவர் இருவர் மூன்று உருப்படி வாசித்து, பிறகு நாட்டார் கலைஞர் மேடையேறினால் ஒரு சொல் விளக்கம் வேண்டாம்.

பட்டறை நடத்தினால் 90 நிமிடத்துக்கு இரண்டு மெட்டு போதும். நாட்டார் கலைஞர் காதால் சொல்லித்தருவார். தாளைப் பார்த்தே பழகிய வயலின்காரர்கள் முதல் பதினைந்து நிமிடம் தவிப்பார்கள். நோட்டைக் கடைசியில் கொடுங்கள், முதலில் கொடுத்தால் தலை நிமிராது.

இசைப்பிரதி உரிமை பலர் சறுக்கும் இடம். இசையமைப்பாளர் இறந்து முந்நூறு வருடம் ஆனாலும் அவர் கையெழுத்துப் பிரதியை இன்று பதிப்பித்தவருக்கு உரிமை இருக்கலாம். பரோக் காலப் பிரெஞ்சு இசையமைப்பாளர் லலாந்தின் இசையைப் பதிப்பித்த சாகின்ஸ் என்பவருக்கு, ஹைபீரியன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் அதைத்தான் உறுதிசெய்தது. நாட்டார் மெட்டு பொதுச்சொத்து, ஆனால் அதன் குறிப்பிட்ட அமைப்பு அமைத்தவருடையது. எந்தப் பதிப்பு என்று கலைஞரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

நிகழ்ச்சிப் புத்தகத்தில் பாடல் வரிகளும் பொருளும் தந்தால், பக்கம் முடிகிற இடமும் பாட்டு முடிகிற இடமும் ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் பாட்டின் மிக மெல்லிய இடத்தில் 150 பேர் ஒரே நேரத்தில் தாள் புரட்டுவார்கள். வழவழப்பான தாள் சரசரக்கும், சொரசொரப்பானது பேசாது. படிக்கிற அளவுக்கு வெளிச்சம் விடுங்கள். எப்போது கைதட்டலாம் என்பதையும் அங்கேயே எழுதலாம்: தொகுப்பின் முடிவில், அல்லது நாட்டார் கச்சேரியில் எப்போது தோன்றுகிறதோ அப்போது.

கச்சேரி முடிந்ததும் ஹார்ப்சிகார்டின் மூடியைத் தாழிட்டு, உறை போட்டு, கால்களைக் கழற்றுங்கள். வண்டி மறுநாள்தான் வரும் என்றால் கருவி அரங்கிலேயே தூங்கட்டும், மேடை ஓரத்தில், சன்னலிலிருந்து தள்ளி, வெப்ப-ஈரமானி பக்கத்தில். இரவில் வண்டிக்குள் ஏற்றி நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் ஒலிப்பலகை இரண்டு பருவத்தைப் பார்த்துவிடும்.